அத்தானின் காரில் சுற்றிய பட்டி

அந்தப் பட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் சுற்றவேண்டும். நனைந்ததும் விரல்களில் ஒட்டும். புகைக்குழாயில் இறுக்கிச் சுற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். கை முறிந்தால் வைத்தியசாலையில் போடுகிற கட்டைப் போலத்தான். அத்தானின் காருக்கு நான் சுற்றியது ஒரு முழுச் சுருள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மோர்னிங்சைட்டில் நான் வாடகைக்கு இருந்த நிலவறை வீட்டின் வாசலில், பனியை வழித்துவிட்டு, ஒரு பெரிய பெட்டி மட்டையை விரித்து அதன்மேல் படுத்துக்கொண்டு சுற்றினேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது பார்க்டேலில் ஒற்றை அறையில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். அந்த அறையின் குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, சேலைக்கு இந்தப் பக்கம் எனக்குப் பாய் போட்டவர் அவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஆங்கிலம் வராது, தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. ஸ்காபரோவில் சைலன்சர் பூட்டுகிற கடைக்கு என்னைக் கூட்டிப்போய், எனக்காக எல்லாவற்றையும் பேசி, வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவருக்கு முன்னால் நான் கதிரையில் இருந்ததில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. அவர் சொன்னால் 'ஓம்' என்பேன். வேறு சொல் எனக்கும் அவருக்கும் இடையில் தேவைப்பட்டதில்லை.

அவருக்கு அப்போது காவல் வேலை. கட்டடம் எழும்புகிற ஒரு காணியில், வார இறுதிகளில், பகல் முழுக்கக் காருக்குள் இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும். அங்கே அறை கிடையாது. மாரிக் குளிரில் எஞ்சினை ஓடவிட்டு, சூட்டைப் போட்டுக்கொண்டு இருப்பார். அந்தக் கார் சத்தம் போடத் தொடங்கியதும் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் முறையிட்டார்கள். சத்தத்தை நிறுத்து, இல்லாவிட்டால் வராதே என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். அன்று பகல் அவருடைய முறை இல்லை, ஆனால் பின்னேரம் வேறொருவருக்குப் பதிலாகப் போகவேண்டியிருந்தது. அதனால்தான் காலையிலேயே என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் வாறது உனக்கு எவ்விடத்தில வைச்சுக் கேட்டது?" என்று இறங்கும்போதே கேட்டார்.

"சந்தி லைற்றடியில, அத்தான்."

"அப்ப குறைவுதான். சைற்றுக்குப் பக்கத்து வீட்டு மனிசி சொல்லுது, நான் வீட்டில வெளிக்கிடேக்கயே தனக்குக் கேக்குதாம்."

எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. ஆனால் நன்றாகத் தெரியும். பின்னால் சைலன்சரில் ஓட்டை என்றால் சத்தம் தடிப்பாக, அடிவயிற்றிலிருந்து உறுமுவதுபோல வரும். முன்னால் எஞ்சினுக்குக் கிட்ட வெடிப்பு என்றால், குளிரில் எடுத்தவுடன் தட்டுவதுபோலக் கேட்டு, சூடேறச் சூடேறக் குறையும். அத்தானின் காரில் இரண்டும் கேட்டது. ஈரத்துணியைச் சுருட்டிக் குழாயின் வாயை ஒரு நொடி அடைத்துப் பிடித்தேன். அவர் உள்ளே இருந்து மெதுவாக மிதித்தார். போக வழியில்லாத புகை எங்கே சீறுகிறது என்று கீழே குனிந்து கேட்டேன். பின்னால் சைலன்சரின் தையலில் ஒரு விரல் போகக்கூடிய ஓட்டை. அதைத் தகரமும் பசையும் வைத்துக் கட்டிவிடலாம். முன்னால்தான் சங்கடம். எஞ்சின் அசையும்போது கூடவே அசைந்து கொடுக்கிற கம்பிப் பின்னல் குழாய் ஒன்று உண்டு. அது பாதி சுற்றுக்கு வெடித்து, சுற்றிவரக் கரி படிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, சாரதியின் கால் வைக்கிற தளம். தெருவில் போடுகிற உப்பு அந்தத் தளத்தையும் தின்றிருந்தது. ஆணியால் குத்தினேன், உள்ளே போனது.

எழும்பி, கார்க் கதவைத் திறந்து, புகை மணக்கிறதா என்று உள்ளே தலையை விட்டேன். தைல மணம் மட்டுந்தான் வந்தது.

"பீனிசத் தலையிடி," என்றார் அத்தான், நெற்றியைத் தடவிக்கொண்டு. "உந்தக் குளிருக்கு விடுகுதில்லை. வீட்டில இருந்தால் ஒண்டுமில்லை. இதுக்குள்ள வந்து ஏறினால் தொடங்கிவிடும்."

இந்த வசனத்தைப் பிறகு நான் எத்தனை தரம் மனதுக்குள் திரும்பக் கேட்டிருப்பேன் என்று சொல்லமுடியாது. காருக்குள் ஏறினால் வருகிற தலையிடி என்ன தலையிடி என்று எனக்குத் தெரியாதா? கடையில் இப்படி ஒரு கார் வந்தால், முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். புத்தளத்துக்காரர், பத்து வருடமாகச் சொந்தமாகக் கடை நடத்துகிற முஸ்லிம் மனிதர். "இதுல ஏறிப் போனா மையத்துதான். இழுத்துட்டுப் போங்க," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நான் கீழே கிடந்து பார்ப்பவன். கண்டதை அவருக்குச் சொல்வேன், அவர் ஆட்களுக்குச் சொல்வார். 'இதில் ஏறாதே' என்கிற சொல்லை நானாக யாருக்கும் சொல்லிப் பழகவில்லை.

"முன்னுக்கும் ஒரு வெடிப்பு இருக்கு, அத்தான்."

"அதுக்கும் உதையே சுத்து."

"சுத்தலாம். அது அசையிற இடம். கன நாள் நிக்காது."

"இண்டைக்கு நிக்குமோ?"

"நிக்கும்."

"அப்ப காணும். வேற கடையில கேட்டனான், முழுக்குழாயும் மாத்தவேணும் எண்டு நிக்கிறான். காரையும் வித்து என்னையும் வித்தாலும் அவ்வளவு வராது."

முழுக்குழாயையும் மாற்றத் தேவையில்லை. வெடித்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் துண்டை ஒட்டவைத்தால் போதும். அந்தத் துண்டு ஒரு சோடி சப்பாத்தின் விலைகூட வராது. ஆனால் காரை உயர்த்துகிற பாரந்தூக்கி வேண்டும், ஒட்டுகிற இயந்திரம் வேண்டும். இரண்டும் கடையில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பூட்டு. முதலாளிக்கு ஒரு போன் எடுத்து, ஒரு மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. என்ன நினைப்பார், கடைச் சாமானில் சொந்தக்காரருக்கு வேலை செய்கிறான் என்று நினைப்பாரோ என்று யோசித்தபடியே பட்டியைத் தண்ணீரில் போட்டேன்.

காசு வாங்கிச் செய்கிற வேலையில் முடியாது என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது. சொந்தக்காரருக்குச் சும்மா செய்துகொடுக்கும்போது அந்த இடம் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாருடைய வாசலிலும் இப்படித்தான் வேலை நடக்கிறது. அவர்கள் கேட்டதைச் செய்துகொடுக்கிறோம், தேத்தண்ணி குடிக்கிறோம், அனுப்பிவிடுகிறோம்.

சுற்றி முடிந்ததும் கார் அடங்கிவிட்டது. அத்தானுக்குச் சந்தோஷம். அப்போதுதான் என்னால் ஒன்றைச் சொல்ல முடிந்தது.

"நிப்பாட்டி வைச்சு இருக்கேக்க கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ, அத்தான்."

"கண்ணாடியை இறக்கிறதெண்டால் ஹீற்றர் ஏன் போடுவான்? ஸ்காபரோவைச் சூடாக்கவோ?"

நான் சிரித்தேன். அவரோடு சேர்ந்து, நன்றாகவே சிரித்தேன்.

மூன்றாவது கிழமை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், காணிக்கு மண் ஏற்றவந்த லொறிக்காரன் அவரைக் கண்டான். கார் ஓடிக்கொண்டிருந்ததாம். கண்ணாடிகள் பூட்டியிருந்தனவாம். அவர் ஒரு பக்கம் சரிந்து நித்திரை கொள்வதுபோல இருந்தாராம். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். நச்சுப் புகை என்று இரத்தத்தைப் பார்த்ததும் வைத்தியர்களுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வைத்தியசாலைக்கு ஒரு அதிகாரி வந்தார். குழாயில் ஒரு கட்டு இருக்கிறது, அசைவில் பிளந்து கிடக்கிறது, அதை யார் போட்டது என்று கேட்டார். நான் அக்காவின் குளிர்ச்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அவர்தான்," என்றார் அக்கா. "தன்ர வேலையெல்லாம் தானே செய்யிறவர்."

அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அக்கா கையை நீட்டி என்னிடமிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எங்களுக்குள் வரவில்லை. நான் சொல்லத் தொடங்குவேன் என்று அவர் காத்திருந்த நாட்களும் இருந்திருக்கலாம்.

அத்தான் இப்போது வீட்டோடு. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. சில நாட்களில் அக்காவையே யாரென்று கேட்பார். தேறிவருவார் என்று முதல் வருடம் சொன்னார்கள், பிறகு சொல்வதில்லை. நான் போனால் கதிரையைக் காட்டி, "இருங்கோ," என்பார். என்னை 'நீங்கள்' என்று அவர் கூப்பிடத் தொடங்கி ஏழு வருடமாகிறது. இப்போது அவருக்கு முன்னால் கதிரையில் இருக்கிறேன்.

போன கிழமை அக்காவின் கார் சத்தம் போடத் தொடங்கியது. கந்தோர்க் கட்டடங்களைத் துப்புரவாக்குகிற வேலைக்கு யூனியன்வில் வரை அதில்தான் போய்வருகிறார். எனக்குப் போன் எடுத்தார். போய்ப் பார்த்தேன். அதே இடத்தில், அதே வெடிப்பு. வெளியே வந்து கையைத் துடைத்தேன். அக்கா வாசலில் நின்றார்.

"பிழையெண்டால் பிழையெண்டு சொல்லு, தம்பி," என்றார், நான் ஒன்றும் சொல்லுமுன்னமே.

"உதில ஏறாதேங்கோ அக்கா. அந்தத் துண்டை மாத்தவேணும்."

"சரி. அப்ப மாத்து."

சாவியைத் தந்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு, காரைக் கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரந்தூக்கி கொஞ்ச நேரம் வேண்டும், அக்காவின் கார் என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எடுங்களேன். இதுக்கெல்லாம் ஏன் கேக்கிறீங்க? போகக்குள்ள பூட்டிட்டுப் போங்க."

ஒரு மணித்தியாலத்துக்குள் வெட்டி, ஒட்டி, துணியால் குழாயின் வாயை அடைத்துப் பார்த்தேன். எங்கும் சீறவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்து, முடிந்துவிட்டது என்றேன்.

"இவ்வளவு கெதியாவோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.