சக்கரத்துக்குச் சேராத பட்டை

எங்கள் தொழிற்பள்ளியின் மணி, மணியே அல்ல. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டை. புளியமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்குகிறது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கொழிஞ்சாம்பாறைச் சந்தை வரை கேட்கும். நல்ல வெண்கல மணி ஒன்று வாங்கக் கூடாதா என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். வெண்கல மணியும் இருந்தது. அதை அடித்து அடித்தே எங்கள் முதல் ஹெட்மாஸ்டர் பள்ளியை மூடிவிடப் பார்த்தார்.

அவர் கல்பாத்திக்காரர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். டைம்டேபிள்தான் அவருக்கு வேதம். மரவேலை வகுப்பு காலையில், இரும்புப் பட்டறை பிற்பகலில். கைவேலை இல்லாத நேரத்தில் அந்தந்த வகுப்புப் பையன்கள் என்னிடம் கணக்குப் படிக்க வேண்டும். ஒரு வகுப்பார் இன்னொரு வகுப்பின் கொட்டகைக்குள் தலை நீட்டினால் போதும், மனிதருக்கு முகம் சிவந்துவிடும். நல்லவர்தான். ஆனால் அந்த மணியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிணற்றில் போட எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

பையன்களோ சொற்பம். ஆசாரி வேலையும் கொல்லு வேலையும் பழக எங்கள் பிள்ளையை அனுப்புவதா என்று குடியானவர்கள் ஒதுங்கியே நின்றார்கள். பள்ளிக்கு இடம் கொடுத்த கவுண்டரே தம் மகனை அனுப்பவில்லை. ஒருநாள் அவர் வந்து, "ஏனுங்க சார், உங்க பசங்க எனக்கொரு வண்டி செஞ்சு குடுக்கட்டுங்க. அது பாரத்தோட பொள்ளாச்சி போய்த் திரும்பிட்டா எம்பையனச் சேத்துறனுங்க. இல்லீன்னா இந்த எடத்துல கடலை போட்டுக்கறனுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பட்டை மாட்டும் நாளில் ஊரே வந்துவிட்டது. வறட்டி அடுக்கிச் சுற்றிலும் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சிய பட்டையை, பையன்கள் குறடுகளால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் வைத்தார்கள். சூட்டில் விரிந்த பட்டையை அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். எங்கள் பட்டையோ அடிக்கு வேலையே வைக்காமல் தானாக விழுந்தது. தண்ணீர் ஊற்றிய பிறகும் கையால் கழற்ற வந்தது.

நடந்தது இதுதான். பட்டறைப் பையன்கள் பிற்பகலில் சக்கரத்தை அளந்து போயிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மரவேலைப் பையன்கள், வட்டம் சரியாக வரவில்லை என்று விளிம்பை இன்னும் கொஞ்சம் சீவியிருக்கிறார்கள். ஊர்ப்புறத்தில் ஆசாரியும் கொல்லரும் ஒரே மரத்தடியில்தான் வேலை செய்வார்கள். ஒருவர் சீவினால் மற்றவர் கண்ணில் படாமல் போகாது. இங்கே மணி குறுக்கே நின்றது.

ஹெட்மாஸ்டர் பையன்களைத் திட்டவில்லை. கவுண்டரிடம் போய், "பசங்க பேர்ல தப்பில்லை, கேட்டேளா. தப்பு என் டைம்டேபிளோடது. இன்னொரு தரம் பண்ணவிடணும்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் கோட்டைக் கழற்றியது அன்றுதான். கவுண்டர், "அடுத்த சந்தை வரைக்கும் பாக்கறனுங்க" என்றார்.

அந்த வாரம் வெண்கல மணி அடிக்கவே இல்லை. சக்கரம் முற்றத்தின் நடுவில் கிடக்க, இரண்டு வகுப்பும் அதைச் சுற்றியே உட்கார்ந்திருந்தன. நானும் கணக்கை அங்கேயே நடத்தினேன். சக்கரத்தின் சுற்றளவு எதற்கு என்று அதற்குப் பிறகு எந்தப் பையனும் என்னைக் கேட்டதில்லை. பழைய பட்டையை வெட்டிச் சிறிதாக்கலாம் என்றார் பட்டறை ஆசிரியர். ஹெட்மாஸ்டர் விடவில்லை. அது தம் கண்ணெதிரே தொங்கட்டும் என்று சொல்லிவிட்டார். புதுப் பட்டை மாட்டித் தண்ணீர் ஊற்றியபோது மரம் நெறிபடும் சத்தம் முற்றமெங்கும் கேட்டது.

வண்டி பொள்ளாச்சிக்குப் போன மறுநாள் சாயங்காலம் நாங்கள் எல்லோரும் அது திரும்பி வரும் கோபாலபுரம் சாலையில் போய் நின்றோம். கண்ணுக்குத் தெரியும் முன்னே காதுக்குத் தெரிந்தது. ஆட்டமில்லாமல், சீராக உருண்டு வரும் சத்தம். ஹெட்மாஸ்டர் வேலியோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டியை ஓட்டி வந்தது கவுண்டரின் மகன். பின்னால் மூட்டைகளின் மேலிருந்து கவுண்டர், "நாளைக்கு இவன் வருவானுங்க. எந்தக் கொட்டாய்க்கு வரோணும்?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

இப்போது பொள்ளாச்சிக்கு மோட்டார் பஸ் ஓடுகிறது. பள்ளியில் நெசவும் தையலும்கூட வந்துவிட்டன. ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். மரவேலைக்கும் பட்டறைக்கும் இன்றும் ஒரே நேரம்தான். அந்த நேரம் வந்ததும் புளியமரத்தடிக்குப் போய்ப் பட்டையைத் தட்டுபவர் மரவேலை ஆசிரியர், கவுண்டரின் மகன். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், நல்லவேளை இங்கே கடலை விளையவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.