போகலாம்

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவர் என்பதால் அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு விளக்கெண்ணெய் அக்கா என்று பெயர். ஆளைத் திட்டுவதற்கும் அதே சொல்தான். இருபத்துமூன்று வருடமாக அச்சுப்பிழை திருத்தி மெய்ப்புப் பார்க்கும் அக்கா அதைக் கண்டுகொண்டதில்லை.

அச்சு நின்றுபோய், பத்திரிகை இனி இணையதளத்தில் மட்டும்தான் என்று முடிவானது. கட்டுரைகளை ஏற்றி, அடுக்கி, வெளியிட ஒரு மென்பொருள் வேண்டும். பக்க வடிவமைப்பாளர் மூன்றைத் தேடிப் பிடித்து ஜன்னலோரக் கணினியில் போட்டு வைத்தார். எல்லாரும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, சுவரில் ஒட்டிய கட்டம் போட்ட தாளில் கருத்தை எழுத வேண்டும் என்பது முதலாளி உத்தரவு.

மற்றவர்கள் எது வேகம், எதில் படம் சட்டென்று ஏறுகிறது என்று பார்த்தார்கள். அக்கா தேடியது ஒன்றைத்தான்: இதில் எனக்கு ஒரு நாற்காலி உண்டா? கணவர் முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்து மூன்று வருடம். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஐம்பதைத் தொடப்போகிறவருக்கு வெளியே யார் வேலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

முதல் மென்பொருளில் எழுதியவரே பொத்தானை அமுக்கினால் கட்டுரை வெளியே போய்விடும். நடுவில் ஆளே கிடையாது. இரண்டாவதில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறியது. "இது எழுத்தா, விபத்தா?" என்றார் அக்கா. வடிவமைப்பாளர்கூடச் சிரித்துவிட்டார். மூன்றாவதில் 'மெய்ப்பு' என்று தனியாக ஒரு கட்டமே இருந்தது. அங்கே ஒருவர் பார்த்து அனுப்பினால்தான் கட்டுரை நகரும். அக்கா ஒரு பழைய கட்டுரையை அதில் ஓட விட்டு, பதினொரு பிழை திருத்தினார். அந்த வாரத்திலேயே அன்றைக்குத்தான் மதியச் சாப்பாடு ஒழுங்காகத் தொண்டையில் இறங்கியது.

தாளில் மூன்றாம் மென்பொருளுக்கு நேரே, 'மெய்ப்புக் கட்டம்' என்ற வரியில், பிழை தீர்ந்த பக்கங்களின் மூலையில் ஆயிரக்கணக்கான முறை எழுதிய அதே சொல்லை எழுதினார்: போகலாம். அச்சுக்குப் போகலாம், எனக்குச் சம்மதம் என்று பொருள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலாளி மூன்றாவதையே எடுக்கலாம் என்றார். 'மெய்ப்புக் கட்டம் போகலாம்', அதாவது தேவையில்லை என்று அதைப் பார்க்கிறவரே எழுதியிருக்கும் பெரிய மனசையும் பாராட்டினார். அக்காவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து, அது தன் சம்மதக் குறி என்று விளக்கினார்.

"போகலாம்னா போகலாம்தானேம்மா," என்றார் முதலாளி. "ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி நாங்க எழுதினா நீங்க விடுவீங்களா?"

சிலர் சிரித்தார்கள். வடிவமைப்பாளருக்கு அந்தக் குறி தெரியும். அது இல்லாத ஒரு பக்கத்தை அவர் அச்சுக்கு அனுப்பியதில்லை. அவர் குனிந்து செல்பேசியைப் பார்த்தார். முதலாளிக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தும் வசதிக்குப் படித்தாரா என்று அக்கா பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலுக்கு வாய்கூட வேண்டியிருக்கவில்லை, பேனாவே போதுமாயிருந்தது.

மாதக் கடைசி நாள்தான் அக்காவுக்கும் வேலையில் கடைசி நாள். அன்று காலை வடிவமைப்பாளர் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மெய்ப்புக்கு எதிரே இருந்த டிக் குறியை எடுத்தார். அவ்வளவுதான் வேலை. அக்கா படிப்பதற்காகக் காத்திருந்த கட்டுரை படிக்கப்படாமலே தளத்தில் ஏறியது. இறந்துபோன ஒரு மருத்துவருக்கு அஞ்சலி.

மேஜையைக் காலி செய்துவிட்டு அக்கா சொல்லிக்கொள்ள வந்தபோது அது திரையில் திறந்திருந்தது. இரண்டாம் வரியில் 'அரிய மனிதர்' என்பது 'அறிய மனிதர்' என்று இருந்தது. அக்கா அதன்மேல் விரலை வைத்தார்.

வடிவமைப்பாளர் திரையின் ஓரத்து எண்ணைப் பார்த்தார். "இதுக்குள்ள நாப்பது பேர் படிச்சிட்டாங்கக்கா. யாரும் ஒண்ணும் சொல்லலியே."

அக்கா விரலை எடுத்துக்கொண்டார்.