வெயிட்டிங் லிஸ்ட்டில் ஜப்பான்

எங்கள் ஊரில் மலைமேல் இருக்கிறவரிடம் எதையும் சும்மா கேட்கிற வழக்கம் கிடையாது. கல்யாணம் ஆகணுமா, காவடி. காய்ச்சல் இறங்கணுமா, மொட்டை. பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட நூற்றெட்டுத் தேங்காய் என்று ஆரம்பித்து, தாங்களே பேரம் பேசி ஒன்றில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. என்ன வேண்டிக்கொண்டோம் என்பதை அது நிறைவேறும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. திருத்தணியில் பிறந்த யாரும் இதை மீறி நான் பார்த்ததில்லை, எங்கள் நைனாவைத் தவிர.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மலைக்கோயில் மடப்பள்ளியில் அவருக்குச் சமையல் வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதே அடுப்பு. ரகசியம் வைத்துக்கொள்ளும் வித்தை மட்டும் நைனாவுக்கு வராது. வாயில் போட்ட சூடான பொங்கல் மாதிரி உடனே வெளியே வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, இங்கிலீஷ் மிஸ் வகுப்புக்கு ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். ஜப்பானில் ஒரு வருஷம் ஹைஸ்கூல் படிப்பு. ஒரு ஜப்பான் குடும்பத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி தங்கிக்கொள்ளலாம். விமான டிக்கெட், பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் ஸ்காலர்ஷிப்பிலேயே அடக்கம். "யாருக்காவது இஷ்டமா?" என்று மிஸ் கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் கையைத் தூக்கினேன்.

ஜப்பானைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, உலகப் படத்தில் அது வலது ஓரமாக, கீழே விழுந்துவிடப் போகிற மாதிரி இருக்கும் என்பதுதான். ஆனால் தூக்கிய கையை இறக்குவதற்குள், அங்கே போகாவிட்டால் நான் செத்தே போவேன் என்று ஆகிவிட்டது. அதுவரை நான் போயிருந்த ஊர்கள் அரக்கோணம், மெட்ராஸ், திருப்பதி. எந்த ஊருக்குப் போனாலும் நைனாவுக்குத் தெரிந்தவர் ஒருத்தர் எங்கிருந்தாவது முளைத்து, "மடப்பள்ளிக்காரர் பொண்ணுதானே நீ, பொங்கல் கொண்டாந்தியா?" என்பார். பொங்கலா நான்? என்னிடம் யாரும் பொங்கல் கேட்காத ஒரு ஊர் எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஜப்பானாவது போயாக வேண்டும் என்று தோன்றியது.

நைனா கேட்டது ஒரே கேள்வி. "அங்க இன்னா சாப்புடுவாங்க?"

"அரிசிதான் நைனா."

"அப்ப சரி," என்றார். விஷயம் முடிந்தது.

விண்ணப்பத்தில், எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நைனா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கறி, மீன், முட்டையில் ஆரம்பித்து, வெங்காயம், பூண்டு, பழைய குழம்பு, எச்சில் கரண்டி பட்டது, கிருத்திகை அன்றைக்கு எதுவுமே என்று போய்க்கொண்டிருந்தது. தனித்தாள் வைத்தோம். மிஸ் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு வரியில் 'வெஜிடேரியன்' என்று எழுதினார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஒரு வருஷமா?" என்றாள்.

"ஆங்."

"நடுவுல வர முடியாதா?"

"ஜப்பான்மா அது. கனகம்மாசத்திரமா, பஸ் புடிச்சு வந்துட்டுப் போக?"

அம்மா மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள். கீரையில் காம்பையும் இலையையும் ஒரே முறத்தில் போட்டிருந்ததை அன்றைக்கு நான் கவனித்தேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

நைனா மறுநாளே வேண்டிக்கொண்டார். பெண் ஜப்பான் போனால் பால்காவடி. வேண்டிக்கொண்ட கையோடு பூக்கடையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், மலைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னார். ஊரில் எனக்கு 'ஜப்பான்' என்றே பெயராகிவிட்டது. சாயங்காலம் வந்து அம்மாவிடம், "நீயும் எதனா வேண்டிக்கயேன்," என்றார்.

"வேண்டிக்கினேன்," என்றாள் அம்மா.

என்னவென்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாதே.

நேர்முகத் தேர்வு மெட்ராஸில். நைனாவுக்கு அன்றைக்கு மடப்பள்ளியில் முறை என்பதால் அம்மாதான் துணைக்கு வந்தாள். எதிரே மூன்று பேர். அதில் ஒருத்தர் ஜப்பான்கார அம்மா, ரொம்ப மெதுவாகத் தலையசைத்துக்கொண்டே இருந்தார். நீ தங்கப்போகும் வீட்டாருக்கு உங்கள் ஊர்ச் சாப்பாடு என்ன சமைத்துக் கொடுப்பாய் என்று கேட்டார். புளியோதரை என்றேன். எப்படிச் செய்வாய் என்றார். கேட்டதுதான் தாமதம், நான் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தேன். அரிசி பத்துப் படி, புளி இத்தனை, நல்லெண்ணெய் இத்தனை, அண்டா, இரண்டு ஆள் தூக்குகிற கரண்டி. அந்த அம்மா கையை உயர்த்தி, வீட்டில் நான்கு பேர்தான் இருப்பார்கள் என்றார். நான்கு பேருக்கு எனக்குச் செய்யத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அளவு என்று இருந்ததே மலையளவுதான். அந்த அம்மா சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

பிறகு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். பெண்ணை அனுப்புவதில் உங்களுக்குச் சம்மதமா என்று தமிழ் தெரிந்தவர் கேட்டார். "அவன் வுட்ட வழிங்க," என்றாள் அம்மா. அதை அவர் இங்கிலீஷில், மிகுந்த மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார் என்று மாற்றிச் சொன்னார்.

கார்த்திகை மாசம் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. மிஸ் வீட்டுக்கே எடுத்துவந்து படித்தார். நான் தேர்வாகவில்லை, ஆனால் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. நைனாவுக்கு முகம் தொங்கிப்போய், உடனே நிமிர்ந்தது. "வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணா? அட, கன்ஃபர்ம் ஆயிடும்! அரக்கோணத்துல யார வேணா கேளு." ரயில்வேக்காரர்கள் சொல்வது ஜப்பானுக்கும் பொருந்துமா என்று மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. நான் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா கடிதத்தின் முதல் பாதியைத்தான் கேட்டிருக்கிறாள். தேர்வாகவில்லை என்றதும் அவள் வரைக்கும் சாமி பதில் சொல்லியாகிவிட்டது. அடுத்த நாள் காலையில், பூ வாங்கி வருகிறேன் என்று போனாள்.

மீதியை நைனா சொல்லித்தான் தெரியும். மடப்பள்ளியின் பின்வாசல் பக்கம், மொட்டை போட்டு முழுகிவிட்டு வருகிறவர்கள் அசந்துபோய் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்கு ஒரு தொன்னை பொங்கல் கொடுப்பது அவர் பழக்கம். அன்றைக்கும் ஓர் அம்மா தலை நிறையச் சந்தனத்தோடு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் பூமுடிதான் கொடுப்பார்கள், நுனியில் கொஞ்சம் கத்தரித்தால் போதும். முழு மொட்டை என்றால் பெரிய கஷ்டமாக இருக்கும் என்று நைனாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. இன்னொரு கரண்டி சேர்த்து வைத்து, "இந்தாம்மா சாப்புடு. எந்த ஊரு?" என்றார்.

அந்த அம்மா திரும்பினாள். "உங்க வூடுதாங்க."

தொன்னையைக் கீழே போடவில்லை என்பதை நைனா எப்போது சொன்னாலும் பெருமையாகச் சேர்த்துக்கொள்வார்.

சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது. "எதுக்குடி மொட்டை?"

"வேண்டுதல்."

"நிறைவேறுறதுக்கு முன்னாடியே யாராவது முடி குடுப்பாங்களா?"

"நிறைவேறிடுச்சு."

நைனா கூரையைப் பார்த்து யோசித்தார். அவருடைய முட்டிவலி அப்படியே இருந்தது. கூரை ஒழுகுவதும் அப்படியே. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அந்த மாசம் வீட்டில் புதிதாக நடந்தது ஒன்றுதான், அது அலமாரியில் மடித்து வைத்த கடிதத்தில் இருந்தது. அவருக்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் போகக்கூடாதுன்னா வேண்டிக்கின?"

"ஆங்," என்றாள் அம்மா. ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை, இட்லி வெந்துவிட்டதா என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீயெல்லாம் ஒரு அம்மாவா என்பது அதில் ஆகக் குறைந்தது. நைனா நடுவில் புகுந்து, ஒரே சாமிகிட்ட ஒரே வூட்டுலேர்ந்து ரெண்டு பேரு ரெண்டு விதமா கேட்டா அவரு இன்னாதான் பண்ணுவாரு, அதான் வெயிட்டிங் லிஸ்ட்டுல போட்டுட்டாரு என்றார். சமாதானம் செய்கிறாராம். நான் அன்றிலிருந்து அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு வேண்டும் என்றால் தட்டைத் தரையில் தட்டுவேன். அவளும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் போடுவாள். தெருவில் விசாரித்தவர்களுக்கெல்லாம், "புள்ளைக்காக வேண்டிக்கினது" என்றாள். எல்லாரும் என்னிடம் வந்து, இப்படி ஒரு அம்மா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எரிச்சலில் எனக்குக் காது புகைந்தது.

மூன்று வாரம் கழித்து மிஸ் வேகவேகமாக வந்தார். தேர்வான பெண் ஒருத்தியை அவர்கள் வீட்டில் கடைசி நேரத்தில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். இடம் எனக்கு. பங்குனியில் புறப்பட வேண்டும். நைனா, "நான் சொல்லல? கன்ஃபர்ம்!" என்று தெருவுக்கே ஓடினார். மிஸ் ஒரு புதுத் தாளை நீட்டினார். அதில் அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

நைனா உடனே போட்டார். தாள் ரேடியோ மேல் உட்கார்ந்தது. அம்மா அதைத் தொடவில்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. ரேடியோவைத் துடைக்கும்போது தாளை எடுத்து, துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைத்தாள். நைனா சொல்லிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். "அவ வந்து கேக்கட்டும்," என்றாளாம். நான் எப்படிக் கேட்பேன்? வீராப்பாகப் பேச்சை நிறுத்தியவள் நான்தானே. நாலாவது நாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. அந்தத் தாளை நானே எடுத்து அம்மா மாதிரி கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் கையெழுத்து எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது நாள் சாயங்காலம் அம்மா மாவாட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தாள். முந்தானை நழுவியிருந்தது. தலையில் முடி முள்முள்ளாகக் கிளம்பியிருந்தது. தாளையும் பேனாவையும் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"கையெழுத்துப் போடும்மா."

"பேசிட்டியா?" என்றாள்.

"வேணாம்னு முடி குடுத்தவதானே நீ. போட மாட்டேன்னாவது சொல்லித் தொலையேன்!"

அம்மா புடவையில் கையைத் துடைத்தாள். "ஆங், குடுத்தேன். நீ இல்லாம ஒரு வருஷம் இந்த வூட்டுல நான் இன்னாடி பண்ணுவேன்? பயமா இருந்துச்சு. ஆனா உன் மூஞ்சப் பாத்து வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் அவன்கிட்ட சொன்னேன். நானே நிறுத்தறதா இருந்தா அவனுக்கு எதுக்கு முடி? இந்தப் பேனாவத் தொடாம இருந்தா போதாதா?"

 அவள் தாளை முழங்கால்மேல் வைத்து, நைனா பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்து ஈரம் காய ஊதினாள். தாளை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப நீ நல்லபடியா திரும்பி வரணும்னு வேண்டிக்கணும்," என்றாள். "குடுக்கறதுக்குத் தலையில ஒண்ணுமே இல்லியேடி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தாள் நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வருஷம் இருக்குதும்மா," என்றேன். "அதுக்குள்ள வளந்துடும்."