பிரான்ஸ் பானையில் விதைநெல்

பிரகதாம்பாளின் வீட்டில் எந்தப் பாத்திரமும் காலியாக இருந்ததில்லை. குடவாசல் பக்கம் கணவர் வீரையனோடு நிலத்தில் மல்லுக்கட்டிய முப்பது வருடத்தில், கடைசிப் பிடி அரிசியை அவள் ஒருநாளும் வழித்ததில்லை. வெறும் பானை எதிரே நின்றால் வந்த நல்லது வாசலோடு திரும்பிவிடும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மகன் திருமுருகன் பிரான்சிலிருந்து ஆறு பழைய பானைகளை அனுப்பிவைத்தான். மேல்பாதி மஞ்சள் பளபளப்பு, கீழ்ப்பாதி வெறும் மண். பூச்சுக்குக் கூடவா அந்த ஊரில் பஞ்சம்!

"நூத்தம்பது வருசப் பழசும்மா. வாத்துக்கறியைக் கொழுப்புல போட்டு வச்ச பானை. இப்ப ஹால்ல அழகுக்கு வைக்கிறாங்க. உள்ள எதையும் போட்டுடாத" என்றான் வீடியோ காலில்.

வாத்துக்கறி என்றதும் சீயக்காய் போட்டு மூன்று தடவை கழுவினாள். அதுகூடப் பரவாயில்லை. மகள் அபிநயாவைப் பெண் பார்க்க வியாழக்கிழமை மன்னார்குடியிலிருந்து வருகிறார்கள். ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. நாலாவது வரன் காலெடுத்து வைக்கும்போது ஆறு வெறும் பானை வாயைப் பிளந்துகொண்டு நின்றால் விளங்கினாற்போலத்தான். பரணில் ஏற்றிவிடலாமென்றால், மகனோ தினமும் பானையைக் காட்டச் சொல்கிறான்.

செவ்வாய்க்கிழமை வீரையன் நாற்றங்காலுக்கு ஊறவைத்த விதைநெல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து, ஆறு பானையிலும் நெல்லை அமுக்கி, வாயைத் துணியால் இறுகக் கட்டினாள். "தூசி அடையுதுப்பா" என்று மகனிடம் ஒரு பொய், "நெல்லை நிழல்ல மாத்தி வச்சிருக்கேன்" என்று கணவரிடம் இன்னொன்று.

ஈர நெல் சும்மா இருக்குமா? வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா கண்ணாத்தாள் காபியை வாயருகே கொண்டுபோனபோது ஒரு பானை படக்கென்று பிளந்தது. வெள்ளை வெள்ளையாக முளைவிட்ட நெல் அவள் காலடியில் சரிந்தது. பிரகதாம்பாளுக்கு உயிரே போய்விட்டது. போச்சு, நாலாவதும் போச்சு.

கண்ணாத்தாள் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"என்ன ரகங்க?"

"ஆத்தூர் கிச்சிலிச் சம்பாங்க" என்றாள் பிரகதாம்பாள்.

"ஒண்ணு தப்பாம முளைச்சிருக்கே. இன்னைக்கே விதைச்சாகணும். வேர் பின்னிக்கிட்டா பிரிக்க முடியாது. எந்திரிங்க எல்லாரும்."

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினான். பெண் பார்க்க வந்த எட்டுப் பேரும் சரிந்த நெல்லைக் கூடையில் அள்ளி, மிஞ்சிய ஐந்து பிரான்ஸ் பானைகளையும் மாற்றி மாற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாற்றங்காலுக்கு நடந்தார்கள். விதைத்து முடித்துக் கால் கழுவும்போது, "சம்பந்தியம்மா, தேதியைக் குறிச்சுடுங்க" என்றாள் கண்ணாத்தாள். பிரகதாம்பாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "அஞ்சுதான் இருக்கு! அதுலயும் சேறு! என்னம்மா பண்ணின?"

"அந்த ஊர்ல வாத்தைப் போட்டாங்க. நான் நெல்லைப் போட்டேன், மாப்பிள்ளை வந்துட்டார். கல்யாணத்துக்கு லீவு சொல்லிடுப்பா."