எழுதக் கூடாத கரும்பலகை

"அத்தான், இந்தச் சுவர் எதுக்கு?"

"பாப்பா எழுதறதுக்கு. முழுக்கக் கரும்பலகை பெயின்ட். நானே அடிச்சது."

"அப்போ சாக்பீஸ் ஏன் அலமாரி உச்சியில இருக்கு?"

"கீழ வச்சா எடுத்து எழுதிடுவாளே!"

அக்காவின் கணவர் வாரம் ஆறு நாள் கடையில் மூக்குக்கண்ணாடி விற்பார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்துத் தச்சராகிவிடுவார். பழப்பெட்டிகளைப் பிரித்து மகளின் அறைக்குக் கட்டில் செய்தார். சிராய் குத்துகிறது என்று அவள் கூடத்தில் படுக்கிறாள். புத்தகங்களை நிறம் பார்த்து அடுக்கினார். நீல வரிசை கலைந்துவிடுமாம், அதனால் அவள் கேட்ட கதைப் புத்தகம் இன்னும் அலமாரியை விட்டு இறங்கவில்லை.

ஆறு வயதுப் பிள்ளை ஒரே ஒரு நாள் நாற்காலி மேல் ஏறி சாக்பீஸை எடுத்து, சுவரில் மூன்று கால் பூனை வரைந்தாள். அவர் ஈரத்துணியோடு ஓடி வந்தார்.

"அப்பா, இது என் சுவர்தானே?"

"உன் சுவர்தான் கண்ணு. அதான் சுத்தமா வச்சுக்கணும்."

அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. பிள்ளைக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று அதற்கும் பெருமைப்பட்டார்.

போன மாதம், அவர் இணையத்தில் போட்ட படங்களைப் பார்த்து, அறையைப் படம் எடுக்க ஒரு பத்திரிகையிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு சாக்பீஸை நீட்டினார்.

"சுவர் மொட்டையா இருக்கும்மா. இடது கையால, குழந்தை கிறுக்கின மாதிரி ஏதாவது போட்டுக் கொடேன். ரொம்பக் கிறுக்கிடாதே."