அக்காவுக்கு வைத்த பொட்டு

மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு சிறிய அனிமேஷன் நிறுவனத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். வெள்ளத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு குறும்படம் செய்தோம். வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோடுகள், அவ்வளவுதான். மனிதர்களின் தலை வெறும் வட்டம். கண், மூக்கு, வாய் கிடையாது. கூரை மேல் நான்கு பேர் படகுக்காகக் காத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியை என் அக்காவாக வரைந்தேன்.

கோத்தா திங்கி வெள்ளத்தில் அக்கா அப்படித்தான் பக்கத்து வீட்டுக் கூரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சைக்கிளை மேட்டில் விட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன அத்தான், மறுநாள் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் பிணமாகக் கிடைத்தார்.

படத்துக்குப் பணம் போட்டவர்கள் வந்து பார்த்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனமும் இருக்கவேண்டும் என்றோமே, இதில் இந்தியர் யார் என்று கேட்டார்கள். அவர்கள் போனதும் இயக்குநர் என்னிடம் வந்தார்.

"அந்தப் பொம்பளைக்கு ஒரு பொட்டு வச்சிடு லா. பார்த்ததும் தெரியணும்."

"அது எங்கக்கா சார். எங்கக்கா பொட்டு வைக்காது. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"உங்கக்கான்னு யாருக்குத் தெரியும்?"

நான் மறுத்துவிட்டேன். வேறொருவர் வைத்தார். படம் முழுக்க அந்தச் சிவப்பு ஒன்றுதான் நிறம்.

திரையிடலுக்கு அக்காவும் வந்தாள். முதலில் முதுகு மட்டுமே தெரியும் காட்சி. அக்கா என் கையைப் பிடித்தாள். "நான்தானே அது?" திரையில் அந்தப் பெண் திரும்பினாள். அக்காவின் பிடி தளர்ந்தது.

வெளியே வந்ததும், "நான்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

"நீதான்க்கா." நடந்ததைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"அவரு எங்க? வரையலையா?"

"சின்னப் பிள்ளைங்க பார்க்கிறது, அக்கா. சாவு வேணாம்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க."

"எல்லாரும் படகுல ஏறிப் போயிட்டாங்களே, அதான் கேட்டேன்."

பஸ் வந்தது, அக்கா ஏறிக்கொண்டாள்.

படம் பல பள்ளிகளுக்குப் போனது. சில மாதம் கழித்து, அக்கா மகளின் பள்ளியிலும் போடப்போவதாகச் சொன்னார்களாம். படம் போடும் அன்று அக்கா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள்.