பதினோராவது பெட்டி

எனக்கு முன்கோபம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதில் நான் கத்திய இடம் ஒன்று வருகிறது. அதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்ல முடியாது.

துபாயில் அல் கூஸ் பக்கம், டயர் கிடங்கு ஒன்றுக்கும் கார் பெயின்ட் பட்டறை ஒன்றுக்கும் நடுவில் என் கேலரி இருக்கிறது. அதற்கு முன் எட்டு வருடம் ஒரு சீன டைல்ஸ் கம்பெனியின் துபாய் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வருடத்துக்கு இரண்டு முறை சீனாவுக்கு அனுப்புவார்கள். பகலெல்லாம் டைல்ஸ் பார்த்துக் கண் பூத்துப்போய், மாலையில் ஊர் சுற்றக் கிளம்புவேன். அப்படிப் போன ஒரு டீக்கடை மாடியில் ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் தங்கள் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, மழையில் நனைந்த ஒரு பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். எந்த டைல்ஸ் முன்னாலும் நான் அப்படி நின்றதில்லை.

வேலையை விடுகிறேன், இன்னும் பெயரெடுக்காத சீனப் பிள்ளைகளின் படைப்புகளை துபாயில் காட்டப்போகிறேன் என்றதும் தூத்துக்குடியிலிருந்து என் அக்கா போனில் கேட்டாள்.

"ஏட்டி, சைனா சாமான் ஒரு வருசமாச்சும் தாங்குமாட்டீ?"

ஐந்து வருடமாகத் தாங்குகிறது. அக்காவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பெட்டி செய்யும் பெண்ணை நான் கண்டுபிடித்தது மூன்றாவது வருடம். அவள் தென்சீனாவில் ஒரு தொழிற்சாலை நகரத்துக்காரி. முப்பது வயது இருக்காது. அவளுடைய அப்பா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருடம் பசை ஒட்டியவர். அவர் ஒட்டிய பெட்டிகள் கப்பலேறி எங்கே போகின்றன, யார் பிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. மகள் அதையே தன் கலையாக எடுத்துக்கொண்டாள். கையால் செய்த காகிதத்தை நாற்பது அடுக்காக ஒட்டி, மையும் தேநீர்ச் சாயமும் பூசி, பார்த்தால் சாதாரணக் கார்ட்டன் என்றே தோன்றும்படி பதினோரு பெட்டிகள் செய்தாள். ஒரு எழுத்து, ஒரு முத்திரை கிடையாது. உள்ளே காலி. இதற்கு அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்பா வந்து பார்த்துவிட்டு, மெஷின் நாலு நொடியில் செய்வதை இவள் ஒரு வருடம் செய்கிறாள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம்.

அந்தப் பதினொன்றையும் துபாய்க்கு அனுப்பச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அவள் வெளிநாட்டில் காட்டும் முதல் கண்காட்சி. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பதினொன்றும் சேர்ந்து ஒரே படைப்பு. ஒன்றில் ஒரு கோடு விழுந்தாலும் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றாள். சரி என்றேன். தோஹாவிலிருந்து ஒரு அருங்காட்சியகத்து அம்மா தொடக்க விழாவுக்கு வருவதாக இருந்தார். அடுத்த மாதம் பெட்டிகள் தோஹாவுக்குப் போவதாகவும் பேச்சு. அவள் திருப்பி எடுத்துக்கொண்டால் எனக்கு வெறும் சுவர்தான் மிஞ்சும். அதைவிட, என்னை நம்பிய ஒருத்தி இனி நம்பமாட்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவள் வந்தாள். அழைத்துவர விமான நிலையம் கிளம்பும்போது, எங்கள் ஃபிட்டர் அண்ணனிடம் ஓடுகிற ஓட்டத்தில் சொன்னேன்.

"அண்ணே, மரக்கூட்டுக்குள்ள பதினோரு பொட்டி இருக்கு. வெளிய எடுத்து வைங்க. அடுத்த மாசம் தோஹா போகணும். ரொம்பப் பத்திரம்."

அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி ஒரு கம்பெனியில் தச்சு வேலை பார்த்தார். வார விடுமுறையில் எங்களுக்குப் படம் மாட்ட வருவார். கம்பெனியே அனுமதித்திருந்தது. நூல் பிடித்தது போல் மாட்டுவார். மூன்று வருடமாக வருகிறார். அதுவரை அவரிடம் நான் "அங்கே மாட்டுங்க, இங்கே தொடாதீங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

மூன்று மணிக்கு அவளோடு உள்ளே நுழைந்தேன். பத்துப் பெட்டிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பதினோராவது, முழங்கால் உயரத்துக்கு இருக்கும் பெரிய பெட்டி, நடு ஹாலில் மஞ்சள் நைலான் கயிற்றில் குறுக்கும் நெடுக்குமாக இறுகக் கட்டப்பட்டிருந்தது. நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் தோஹா என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு முழங்காலை அழுத்தி அண்ணன் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். ஒண்ணு முடிஞ்சுது. பாக்கி பத்தையும் சாயந்தரத்துக்குள்ள கட்டிரலாம்."

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லீவில் ஊருக்குப் போகிறவரின் கார்ட்டன் இப்படித்தான் போகும். கயிறு கட்டாத பெட்டியும் பெயர் எழுதாத பெட்டியும் எந்த ரூமை விட்டும் கிளம்பாது. அண்ணன் எனக்கு நல்லதுதான் செய்திருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? யார் கட்டச் சொன்னா? யார் எழுதச் சொன்னா?" என்று கத்தினேன். என்னைவிட வயதில் மூத்த மனிதரை, வேலை செய்யும் இடத்தில், ஒரு விருந்தாளி முன்னால். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் எழுந்து நின்றார். "தோஹா போகணும்னீங்களே மேடம். பேரில்லாத பொட்டி ஏர்போர்ட் பெல்ட்டுல சுத்திக்கிட்டே கெடக்கும்ல."

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் பெட்டியை ஒரு முறை சுற்றி வந்தாள். முடிந்தது கதை, மரக்கூட்டை மறுபடி ஆணி அடிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னிடம் திரும்பி, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

என் சீன மொழி டைல்ஸ் வியாபாரத்தில் கற்றது. அழகு, மௌனம், வெறுமை பற்றியெல்லாம் அதில் பேச வராது. பெட்டி, பாரம், உடைசல், கப்பல் என்றால் சரளமாக வரும். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

ஏன் நாலு பக்கமும் எழுதினார் என்றாள்.

"எந்தப் பக்கம் பொரண்டு வந்தாலும் நம்மதுன்னு தெரியணும்ல."

இதற்கு முன் எத்தனை பெட்டி கட்டியிருக்கிறார் என்றாள். அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் கைவிட்டார். "எனக்கு ஒரு பத்து இருக்கும். ரூம்காரங்களுக்கு ஏகப்பட்டது. எல்லாம் சைனா கார்ட்டன்தான்."

ஏன் கயிறு என்றாள்.

"அட்டையை நம்ப முடியாதும்மா. அடி பிரிஞ்சிரும்."

இதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். பசை ஒட்டியவர் அவளுடைய அப்பா. பிறகு, போகிறதுதான் போகிறது, உண்மையோடு போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே போனை எடுத்து, தன் சீன சிம்மிலிருந்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பனியன் போட்ட ஒரு மனிதர் கிண்ணமும் குச்சியுமாகத் திரையில் வந்தார். மகள் போனைப் பெட்டிக்கு அருகில் கொண்டுபோய், உங்கள் பெட்டிகள் இங்கேதான் வந்திருக்கின்றன, இவர்தான் ஊருக்கு அனுப்புகிறார், அடி பிரிந்துவிடும் என்கிறார் என்றாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். எத்தனை கிலோ போடுகிறார் என்று கேள் என்றார்.

"முப்பது," என்றார் அண்ணன் பெருமையாக.

திரைக்குள்ளிருந்து ஒரு கூச்சல் வந்தது. பதினைந்து கிலோவுக்கு ஒட்டிய பெட்டி, முப்பது கிலோ போட்டால் பெட்டி என்னதான் செய்யும் என்று அவர் கேட்டார். பதினஞ்சு கிலோவில் கம்பளி வைப்பேனா, பால்பவுடர் வைப்பேனா, மூணு பிள்ளைக்குச் சாமான் வைப்பேனா என்று அண்ணன் கேட்டார். நான் இருவருக்கும் நடுவில் தமிழும் சீனமும் மாற்றி மாற்றிப் பேசி மூச்சு வாங்கினேன். பிறகு என்னைக் கேட்காமலே இருவரும் கையால் பேசத் தொடங்கினார்கள். அண்ணன் கயிற்றைச் சுண்டிக் காட்டினார். அவர் தலையசைத்தார். அண்ணன் கயிற்றில் இரண்டு விரலைக் கோத்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அவர் சிரித்தார். இவள் போனைப் பிடித்தபடி, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு வியாபார புத்தி உடனே வேலை செய்தது. இந்தப் பெட்டியை நடுவில் வைத்து விளக்குப் போட்டால் பிரமாதமாக இருக்கும் என்றேன். அவள் முடியாது என்றாள். அவர் இதைக் கலையாகச் செய்யவில்லை, போகவேண்டிய பெட்டியாகத்தான் கட்டினார். இது ஊருக்குப் போகட்டும், கண்காட்சிக்குப் பத்து போதும் என்றாள். பத்து போதும் என்ற சொல்லில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம், ஃபோர்மேன் கத்தாத கத்தா," என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அதனால் அன்றைக்கே மற்ற பத்துப் பெட்டிகளின் முன்னால் அவரை நிற்கவைத்து, இது எப்படிச் செய்தது, யார் செய்தது என்று முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு அவற்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே நகர்த்தி வைத்தார். ஏசி காற்று நேரே படுகிறதாம்.

விழாவில் தோஹா அம்மா பத்தையும் பார்த்துப் பாராட்டினார். பிறகு பின்னறையில் வைத்திருந்த கயிறு கட்டிய பெட்டியை எட்டிப் பார்த்து, இதுதான் இருப்பதிலேயே நல்லது, இதை வாங்க வேண்டும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, அது விற்பனைக்கு இல்லை, பயணச் சாமான் என்றேன். நல்ல வேளையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. பத்தும் தோஹாவுக்குப் போவது உறுதியானது.

அவள் ஊர் திரும்பும் நாளில் அண்ணன் அவளுடைய அப்பாவுக்கென்று சத்வா கடைத்தெருவில் வாங்கிய சாமான்களோடு வந்தார். ஒரு கம்பளி, பேரீச்சம்பழம், குங்குமப்பூ, தலைவலித் தைலம். பழைய கயிற்றை அவிழ்த்து, பெட்டியை நிரப்பி, கைத்தராசில் தூக்கிப் பார்த்தார். முள் பதினைந்தில் நின்றதும் நிறுத்திக்கொண்டார். "பாதி காலியாப் போகுது மேடம். வயித்தெரிச்சலா இருக்கு. ஆனா அவுக சொன்னதுக்கு மரியாதை குடுக்கணும்ல." தோஹாவை அடித்துவிட்டு மார்க்கரை அவளிடம் கொடுத்தார். அவள் அப்பாவின் பெயரைச் சீன எழுத்தில் நாலு பக்கமும் எழுதினாள்.

மூன்று நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கம்பளி. பக்கத்தில் பெட்டி தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது, அடிப்பக்கம் மேலே தெரியும்படி. கீழே அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதியிருந்தாள்:

"அடி பிரியவில்லை. இவள் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாள்."